குறை பல்பில் இல்லை

பழைய பிக்கப் வண்டியின் ஹெட்லைட் மங்கினால் அதற்கு இரண்டே மருந்துகள் உண்டு என்பது சாலையோரப் பட்டறை முதல் உதிரிபாகக் கடை வரை ஊறிப்போன கருத்து. ஒன்று, கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுவது. மற்றது, எல்.இ.டி. பல்பு போடுவது. வண்டி டாடா 207 ஆனாலும் பொலிரோ பிக்கப் ஆனாலும், ஏற்றுவது தக்காளியானாலும் கோழியானாலும், பரிந்துரை மாறுவதில்லை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: வெளிச்சம் பல்பில் பிறக்கிறது; ஆகவே வெளிச்சம் குறைந்தால் குறையும் பல்பில்தான்.

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியின் முன்பக்கத்தில் வயது குறைந்த உறுப்பு எது என்று பார்த்தாலே இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். பல்பு அடிக்கடி மாற்றப்படுவது. பெரும்பாலும் அதுதான் புதியது. கிழடு தட்டியிருப்பவை இரண்டு: பல்புக்கு மின்சாரம் கொண்டுவரும் வழி, பல்பின் ஒளியைச் சாலைக்கு அனுப்பும் டூம். இந்த இரண்டையும் தொடாமல் பல்பை மட்டும் மாற்றுவது பயன் தராது என்பதோடு, முதல் வகை மாற்றம் நோயை வளர்க்கவும் செய்கிறது.

ஹாலஜன் பல்பின் ஒளி, அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. அழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கை ஒட்டி மாறுகிறது. எச்4 எனப்படும் இந்த 60/55 வகைப் பல்புகளை 13.2 வோல்ட்டில் வைத்தே அளக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் பிரைட் இழை சுமார் 1,650 லூமெனும் டிம் இழை சுமார் 1,000 லூமெனும் தரவேண்டும் என்பது ஐ.நா.வின் ஆர்37 ஒழுங்குமுறை. அதே பல்புக்கு 12 வோல்ட் மட்டும் போய்ச் சேர்ந்தால் ஒளி 72 சதவீதமாகிறது. 11 வோல்ட் என்றால் 54 சதவீதம். 10.5 என்றால் பாதிக்கும் கீழே. அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு போனதற்கு ஒளியில் ஏறக்குறைய பாதி போகிறது. மங்கலின் இரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை தருகிறது. அது பல்புக்குப் போகும் வழியில் எங்கே கரைகிறது? ரிலே இல்லாத பழைய அமைப்புகளில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் பேட்டரியிலிருந்து ப்யூஸ் பெட்டிக்கு வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் காம்பினேஷன் சுவிட்சுக்குள் நுழைந்து, டிம்-பிரைட் பாயிண்ட்டைத் தாண்டி, மறுபடி வண்டியின் முகப்புக்குத் திரும்பி, கப்ளர் வழியாக ஹோல்டரை அடைகிறது. பல்பைக் கடந்த பிறகும் பயணம் முடியவில்லை. துருப்பிடித்த ஒரு போல்ட்டில் இறுக்கப்பட்ட எர்த் ஒயர் வழியாகப் பாடிக்குப் போய், அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு 17 மில்லி ஓம். இரண்டு பல்புக்குமான 10 ஆம்பியர் அதில் 5 மீட்டர் ஓடினாலே 0.85 வோல்ட் தொலைகிறது. ஒயர் புதிதாக இருந்தாலும் இந்த இழப்பு உண்டு. அதன்மேல் சுவிட்ச் பாயிண்ட்டில் பிடித்த கரி, கப்ளர் பின்னில் பிடித்த களிம்பு, தளர்ந்த ப்யூஸ் பிடி, எர்த் போல்ட்டின் துரு என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 0.2, 0.3 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் இரண்டு வோல்ட் காணாமல் போயிருப்பது அதிசயமில்லை.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் ஒன்றே போதும். ஆனால் பட்டறைகளில் பரவலாக இருக்கும் சோதனை முறை இதை மறைத்துவிடுகிறது. பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்து, அது எரிந்தால் ‘கரண்ட் சரியாக வருகிறது’ என்று தீர்ப்புச் சொல்வது அந்த முறை. டெஸ்ட் லேம்ப் எடுக்கும் மின்னோட்டம் சொற்பம். அவ்வளவுக்கு அழுகிப்போன ஒயரும் போதும். பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தாலும் இதே கதைதான்: மின்னோட்டம் ஓடாதபோது அழுத்தமும் விழாது, மீட்டர் முழு 12.6 காட்டும். பல்பு மாட்டி எரிந்துகொண்டிருக்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவ் பின்னிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். அதேபோல் பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே இன்னொரு அளவு. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நலம். ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் புதுப் பல்பு வாங்கக் கடைக்குப் போகும் வேலை மிச்சம்.

100/90 பல்பின் ஆதரவாளர்கள் இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி ஒரு வாதம் வைப்பார்கள்: போட்டவுடனே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதே! தெரிவது உண்மை. எவ்வளவு தெரிகிறது, என்ன விலைக்குத் தெரிகிறது என்பதே கேள்வி. ஆல்டர்நேட்டர் 13.8 வோல்ட் தருகிறது, வழியில் மொத்தம் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பிரைட்டுக்குத் தோராயமாகக் கணக்கிடலாம். 60 வாட் பல்புகள் இரண்டு எரியும்போது சுமார் 9.9 ஆம்பியர் ஓடும். ஏறத்தாழ 2 வோல்ட் வழியில் போகும். பல்புக்கு 11.8 வோல்ட் கிடைக்கும். ஒளி, தரவேண்டியதில் 69 சதவீதம். இப்போது அதே ஒயரிங்கில் 100 வாட் பல்புகள் இரண்டு. மின்னோட்டம் 15 ஆம்பியராகிறது. ஓட்டம் கூடியதால் இழப்பும் கூடி 3 வோல்ட் ஆகிறது. பல்புக்கு மிஞ்சுவது 10.8 வோல்ட். 100 வாட் பல்பு முழு அழுத்தத்தில் 1.7 மடங்கு ஒளி தரும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 10.8 வோல்ட்டில் அது தருவது, நல்ல நிலையிலுள்ள 60 வாட் பல்பின் ஒளியில் 86 சதவீதம்தான்.

அதாவது பழைய ஒயரிங்கில் போட்ட 100 வாட் பல்பு, சரியான ஒயரிங்கில் போட்ட 60 வாட் பல்பிடம் தோற்கிறது. 69 என்பது 86 ஆனதைக் கண்டு மகிழ்பவர், ஒயரைச் சரிசெய்திருந்தால் அதே பழைய பல்பிலேயே 100-ஐ எட்டியிருக்கலாம்.

விலையையும் பார்க்க வேண்டும். வழியில் தொலையும் ஆற்றல் மறைந்துவிடுவதில்லை, வெப்பமாகிறது. முதல் கணக்கில் ஒயரும் பாயிண்ட்டும் சேர்ந்து 20 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சூடாகின. இரண்டாவதில் 45 வாட். சோல்டரிங் இரும்பு ஒன்றின் சூட்டுக்கு இது சமம்; அதிலும் பெரும்பகுதி மோசமான இணைப்பு எதுவோ அந்த ஓரிடத்தில்தான் இறங்கும். காம்பினேஷன் சுவிட்ச் இளகுவதும், ஹோல்டர் கருகுவதும், இரவில் திருப்பத்தில் திடீரென்று இரண்டு விளக்கும் அணைவதும் இதன் பின்விளைவுகள். ஹோல்டர் உருகியதும் கடை அடுத்து விற்பது செராமிக் ஹோல்டர். அது உருகாது; சூடு அப்படியே ஒயருக்கும் டூமுக்கும் போகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு பல்புக்கு மேலே பழுப்பாகும். ஆர்37 ஒழுங்குமுறையில் 12 வோல்ட் எச்4 என்றால் 60/55 மட்டுமே. 100/90 அதே மூடியில் வந்தாலும் அந்த வகையில் சேராது.

கடைக்காரர்களில் விவரமானவர்கள் 100/90 பல்போடு ரிலே கிட்டையும் சேர்த்து விற்பார்கள். அதைப் போட்டவர்களே ‘இரவு பகலாகிவிட்டது’ என்று ஊரெல்லாம் சொல்பவர்கள். அங்கே வேலை செய்ததில் பெரும்பங்கு ரிலேயுடையது, பெயர் பல்புக்குப் போனது. பல்பைப் பற்றிய நம்பிக்கை இத்தனை ஆண்டு நிலைத்திருப்பதற்கு இந்தத் தவறான கணக்கெழுத்தும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ரிலேயின் வேலை எளிது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்த ப்யூஸ் வழியாக, ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு வரும். 87-ஆம் பின்னிலிருந்து நேராகப் பல்புக்குப் போகும். சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் 85, 86 பின்களில் சேர்ந்து காயிலை மட்டும் இயக்கும். காயில் எடுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான். எனவே பழைய வழியிலுள்ள 0.2 ஓம் தடையில் விழுவது 0.04 வோல்ட், கரி பிடித்த சுவிட்சும் இந்த வேலைக்குத் தாராளம். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வேண்டும். எர்த்துக்கும் அதே தடிமனில் புது ஒயர் பேட்டரி நெகட்டிவுக்கே போகவேண்டும். இதை விட்டுவிட்டுப் பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் மாற்றும் எலக்ட்ரீஷியன்கள் பாதி வேலையை முழு வேலை என்று விற்கிறார்கள். சில வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவைத் தொடாமல் எர்த்தை இணைத்துத் துண்டிக்கும். அங்கே இணைப்பு முறை வேறு. ஒயரிங் படத்தைப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

‘ரிலே இன்னொரு பழுதாகும் பொருள்தானே’ என்ற ஆட்சேபம் நியாயமானது. இடது பல்புக்கும் வலது பல்புக்கும் தனித்தனி ப்யூஸ் போட்டால் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் எரியும். ரிலே போனால் கையில் ஒரு மாற்று இருந்தால் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே உருகிய சுவிட்சை நடுவழியில் மாற்ற முடியாது.

இனி டூம். எச்4 பல்பின் ஒளி சாலைக்குப் போக ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்ப வேண்டும். ரிஃப்ளெக்டர் என்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய அலுமினியப் படலம். தண்ணீர் புகுந்தால் அது புள்ளி புள்ளியாகக் கருக்கும், உரியும். துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிடும். அதற்குப் பாலிஷ் என்று ஒன்று கிடையாது. போனது போனதுதான், டூமை மாற்றவேண்டும். வெளிமுகம் கண்ணாடியானால் மஞ்சளாகாது, ஆனால் எதிர்வரும் லாரிகள் வாரியடிக்கும் மணலால் ஆண்டுக்கணக்கில் பொத்தலிட்டுச் சொரசொரப்பாகும். பிளாஸ்டிக்கானால் வெயில் அதன் மேற்பூச்சைத் தின்று மஞ்சளாக்கும். பற்பசை தேய்த்தால் பளிச்சென்று ஆவது உண்மை. மிச்சமிருந்த பாதுகாப்புப் பூச்சும் அதோடு போவதால் சில மாதங்களில் முன்னைவிட மோசமாகும். மணல்காகிதத்தில் படிப்படியாக 2000 வரை தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தால்தான் நிற்கும். கருத்த ரிஃப்ளெக்டருக்கு முன்னால் எத்தனை வாட் வைத்தாலும் அது விழுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

எல்.இ.டி. ஆதரவாளர்களிடம் 100/90 ஆதரவாளர்களைவிட வலுவான வாதம் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டே மறுக்கவேண்டும். எல்.இ.டி. பல்பு 20, 30 வாட் மட்டுமே எடுக்கும்; அதற்குள் இருக்கும் டிரைவர் 11 வோல்ட் வந்தாலும் முழு ஒளியையே தரும்; ஆகவே ஒயரிங் பழுதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பது அந்த வாதம். மின்சாரத்தைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. ஆனால் ஹெட்லைட் மின்சாரக் கருவி மட்டுமல்ல, ஒளியைக் குறிபார்த்து எறியும் கருவி.

எச்4 டூமின் ஒவ்வொரு வளைவும் சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இழை குறிப்பிட்ட புள்ளியில் இருந்து சுற்றிலும் ஒளி விடும் என்ற கணக்கில் அமைந்தது. டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது தடுப்பதால்தான் எதிரில் வருபவர் கண்ணுக்குக் கீழே, ஒளி முடிந்து இருட்டு தொடங்கும் வெட்டுக்கோடு விழுகிறது. எல்.இ.டி. பல்பில் இழை இல்லை. ஓர் உலோகப் பட்டையின் இரு முகங்களிலும் ஒட்டிய சில்லுகள் இருக்கின்றன. அவை இரண்டு பக்கமும் அதிகமாகவும், பட்டையின் விளிம்புத் திசைகளில் குறைவாகவும் ஒளி விடும். இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வெட்டுக்கோடு கலைகிறது, தூரத்தில் குவியவேண்டிய ஒளி அருகில் சிதறுகிறது. பெட்டியில் அச்சிட்ட லூமென் கணக்கு, பல்பை விட்டு வெளியேறும் மொத்த ஒளி. நூறு மீட்டருக்கு அப்பால் படுத்திருக்கும் மாட்டின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதை அது சொல்லாது.

இங்கே கண்ணும் ஏமாற்றுகிறது. பம்பருக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளை வெளேரென்று இருந்தால் ஓட்டுபவருக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் அந்த வெளிச்சத்துக்குக் கண்பாவை சுருங்கிப் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். பழைய வண்டியை ஓட்டுபவரும் பல நேரம் பழையவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி இருபது வயதில் அடைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அவருக்கு எதிர்வண்டியின் கூச்சமும் அதிகம், கூச்சம் தெளியும் நேரமும் அதிகம். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் வெட்டுக்கோட்டுக்கு மேலே சிதறும் ஒளி துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பும்.

எல்.இ.டி. பல்பே கூடாது என்பதல்ல இதன் பொருள். 2020-இல் ஜெர்மனியில் ஆஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்.இ.டி. பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அனுமதி பட்டியலில் உள்ள வண்டி மாடல்களுக்கு மட்டும். எந்த டூமில் போட்டால் ஒளிக்கற்றை விதிக்குள் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகு கொடுத்தது. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று சந்தையில் விற்பதற்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. பல்பு, ரிஃப்ளெக்டர், முகப்பு மூன்றும் சேர்த்தே வடிவமைத்த முழு எல்.இ.டி. விளக்கு வேறு இனம். அதன் ஒளியமைப்பு அதற்கே உரியது. இந்தியாவில் அதைப் போட நினைப்பவர் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிச் சொல்வதையும் படித்துவிட வேண்டும்.

போகஸ் என்று பட்டறைகள் சொல்லும் குறிவைப்பைப் பற்றி இந்த விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. மற்ற வண்டிகளைவிடப் பிக்கப்புக்கே அது முக்கியம். டிம் கற்றை ஏறத்தாழ ஒரு சதவீதம் கீழ்நோக்கிச் சாயவேண்டும்: பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விளக்கின் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே வெட்டுக்கோடு விழவேண்டும். இரண்டு சதவீதமாகச் சாய்ந்திருந்தால் தூரத்து வெளிச்சம் போய்விடும். ஓட்டுபவர் ‘பல்பு மங்கல்’ என்பார். பம்பர் இடிபட்டு டூம் மாற்றிய வண்டிகளில் திருகைத் திருப்பிப் பார்க்காமல் விட்ட இந்த மங்கல் சகஜம்.

சுமை ஏறினால் கதை தலைகீழ். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள பிக்கப்பின் பின்பக்க வில்பட்டைகள் சுமையில் முன்பக்கத்தைவிட 6 செ.மீ. அதிகம் தாழ்ந்தால் வண்டி 2 சதவீதம் மேல்நோக்குகிறது. ஒரு சதவீதம் கீழே பார்த்த கற்றை இப்போது ஒரு சதவீதம் மேலே பார்க்கும். ஐம்பது மீட்டரில் அது விளக்கின் உயரத்தைவிட அரை மீட்டர் மேலே போய் எதிரே வரும் காரோட்டியின் கண்ணில் விழும். சாலை மட்டும் இருட்டாகவே இருக்கும். டாஷ்போர்டில் லெவலிங் குமிழ் உள்ள வண்டிகளில் பலர் அதைத் தொட்டதே இல்லை. குமிழ் இல்லாத வண்டிக்கு, எப்போதும் சுமையோடு ஓடுவதானால் சுமை ஏற்றி, டயரில் சரியான காற்று வைத்து, அந்த நிலையிலேயே போகஸ் வைப்பது உத்தமம். தமிழ்நாட்டில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் ஹெட்லைட்டின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் உண்டு. அது கற்றையின் திசையை மாற்றாது, ஒளியைக் கொஞ்சம் குறைக்கும். குறிதவறிய விளக்கு குறிதவறியபடியே சற்று மங்கலாக எரியும்.

இத்தனையும் செய்தாலும் ஹாலஜன் டிம் விளக்கு இன்றைய புதிய கார்களின் விளக்காக மாறிவிடாது. ஷோரூமிலிருந்து வந்த நாளின் வெளிச்சம் திரும்பும். அதற்கு மேல் இல்லை. டிம்மில் தெளிவாகத் தெரிவது 50, 60 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், சுதாரிக்க ஒன்றரை நொடி சேர்த்து, வண்டி நிற்க ஏறத்தாழ 48 மீட்டர் வேண்டும், 80 கி.மீ. வேகத்தில் 74 மீட்டர். தூரம் இரட்டிப்பாகத் தெரியவேண்டுமானால் ஒளி நான்கு மடங்கு வேண்டும் என்பதால், 100 வாட் பல்பின் 1.7 மடங்கு ஒளி முழுதாகவே கிடைத்தாலும் பார்வை நீள்வது 1.3 மடங்குதான்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் எலக்ட்ரீஷியன்களிடமிருந்தே வரும்: ரிலே போட்டால் பல்பு சீக்கிரம் போகிறது. உண்மை. இழையின் ஆயுள் அழுத்தத்தின் பன்னிரண்டாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதால், 11.8 வோல்ட்டில் எரியும் பல்பு 13.2 வோல்ட்டில் எரிவதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் உழைக்கும். ஏழெட்டு ஆண்டுகளாகப் பல்பே மாற்றவில்லை என்று பெருமை பேசும் வண்டி, இரவில் அதிகம் ஓடாத வண்டி, அல்லது அந்தப் பல்புக்கு முழு வோல்ட் போகாத வண்டி. ரிலேக்குப் பிறகு பல்பு நியாயமான ஆயுளுக்குத் திரும்புகிறது, அவ்வளவே. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுவதும், கண்ணாடிக் குமிழில் விரல் படாமல் பிடிப்பதும், நீலச் சாயம் பூசிய ‘சூப்பர் ஒயிட்’ வகைகளைத் தவிர்ப்பதும் போதும்; அந்தச் சாயம் ஒளியை வடிகட்டிக் குறைப்பதற்கே பயன்படுகிறது. சில வாரங்களிலேயே பல்புகள் போய்க்கொண்டிருந்தால் ரிலேயைக் குறைசொல்வதற்கு முன் பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். இன்ஜின் வேகத்தில் 15 வோல்ட்டைத் தொட்டால் ஆல்டர்நேட்டரின் ரெகுலேட்டர் பழுது. அதை விட்டுவைத்தால் பேட்டரியும் கொதித்துக் கெடும்.